ஏரி உடைந்த வழக்கிலிருந்து தொடங்குங்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு வழக்கறிஞர் எழுதியிருக்கிறார்: “பதினான்கு வருடமாக சிவில் வழக்குகள் நடத்துகிறேன். பக்கத்து ஊர் சட்டக் கல்லூரி ஒன்றில் அமெரிக்க, பிரிட்டிஷ் சட்ட ஒப்பீடு பற்றி ஆறு விரிவுரைகள் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், மதிப்பூதியமும் உண்டு. இதனால் என் பார் கவுன்சில் பதிவுக்குச் சிக்கல் வருமா? நான் வெளிநாட்டில் படித்தவள் இல்லை. அந்தச் சட்டங்களை எப்படி நடத்துவது?”

பதிவைப் பற்றிக் கவலை வேண்டாம் அம்மா. வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆனால் சட்டம் கற்பிப்பதற்கென்று மத்திய அரசு 1979-இல் தனி விதிகளே போட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்வி நிறுவனத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பித்தால் அது பகுதிநேர வேலைதான். கொடுக்கும் பணத்தை மதிப்பூதியம் என்றாலும் சம்பளம் என்றாலும் இதில் மாற்றமில்லை. உங்களுக்கு இரண்டு மணி நேரம்தான். கல்லூரியின் அழைப்புக் கடிதத்தில் தேதியும் நேரமும் இருக்கும்படி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பைக் காலை எட்டு மணிக்குக் கேளுங்கள், பத்தரைக்கு கோர்ட்டில் இருக்கலாம். அழைப்பிதழிலும் சுவரொட்டியிலும் உங்கள் அலுவலக முகவரி, கைபேசி எண் எதுவும் வர வேண்டாம். அது விளம்பரத் தடை விதியில் போய் முட்டும்.

இனி பாடம். நான் முதன்முதலாக இந்தப் பாடத்தை எடுத்தபோது கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் பிரிட்டன், வலப்பக்கம் அமெரிக்கா. அங்கே ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லை, இங்கே உண்டு. அங்கே வக்கீல்களில் கோர்ட்டில் வாதாடும் பாரிஸ்டர், கட்சிக்காரரோடு நேராக வேலை பார்க்கும் சொலிசிட்டர் என்று இரண்டு வகை, இங்கே ஒரே வகை. இப்படியே இருபது வரிகள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், அடுத்த வாரம் ஒருவருக்கும் ஒரு வரி கூட நினைவில்லை. தப்பு என்னுடையது. வேறுபாட்டைச் சொன்னேனே தவிர, ஏன் வேறுபட்டார்கள் என்று சொல்லவில்லை. மறு வருடம் தண்ணீரிலிருந்து தொடங்கினேன். டெல்டாப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு ஆலைக்காரர் நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் அடியிலிருந்த பழைய சுரங்க வழிகளில் இறங்கி அடுத்தவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868-இல், அன்று அந்த நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, ஆலைக்காரர் கவனமாக இருந்தாரா இல்லையா என்பதே வேண்டாம், இயல்புக்கு மாறாகத் தண்ணீரைக் கொண்டுவந்து தேக்கியவரே பொறுப்பு என்றது. இதுதான் ரைலண்ட்ஸ் வழக்கு. பாடப்புத்தகத்தில் நீங்களும் படித்ததுதான்.

அப்புறம் ஆறு வருடம் கழித்து, 1874-இல், நம் சென்னை மாகாணத்து வழக்கு ஒன்று, அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. கார்வேட்நகரம் ஜமீன்தாரின் ஏரிகள் மழையில் உடைந்து மதராஸ் ரயில்வேக்குச் சேதம். ரைலண்ட்ஸ் தீர்ப்பின்படி ஜமீன்தார் பணம் தர வேண்டும் என்றது ரயில்வே கம்பெனி. பிரிவி கவுன்சில் ஒப்பவில்லை. இந்த நாட்டில் ஏரி வெட்டுவது ஆதிகாலம் தொட்டு வரும் வழக்கம், மக்கள் பிழைப்புக்கு அது அவசியம், அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. ஆகவே கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால்தான் பொறுப்பு என்றது.

இந்த இடத்தில் வகுப்பை டெக்சாஸுக்குக் கூட்டிப் போங்கள். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த உப்புநீரைத் தேக்கிய குளங்கள் வழிந்து பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கெடுத்தன. 1936-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ரைலண்ட்ஸ் விதியை ஏற்க மறுத்தது. இங்கிலாந்து மழை நாடு, அங்கே தண்ணீரைத் தேக்குவது புதுமை. டெக்சாஸ் வறண்ட பூமி, இங்கே தேக்காமல் வாழவே முடியாது என்பது அதன் வாதம். மதராஸ் ஏரிக்கும் டெக்சாஸ் குளத்துக்கும் ஒரே நியாயம் வந்து சேர்ந்தது பாருங்கள். தீர்ப்புகளால் வளர்ந்த ஒரே ஆங்கிலேயப் பொதுச் சட்டம் (காமன் லா) மண்ணுக்கு மண் எப்படி மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளை யாராவது இருந்தால் கட்டாயம் இறால் பண்ணை உப்புநீரைப் பற்றிக் கேட்பார். அதற்கு 1996-இல் நம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துக்கொடுங்கள். மாசுபடுத்தியவரே செலவைத் தர வேண்டும் என்று அது சொன்னது. டெக்சாஸ் நீதிபதிகள் இதற்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று விவாதிக்க விடுங்கள்.

இரண்டாவது விரிவுரையைத் தலைமடை, கடைமடைச் சண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஆற்றங்கரை நிலம் வைத்திருப்பவருக்கே நீரில் உரிமை, அதுவும் மற்றவரைப் பாதிக்காத அளவு. மேற்கு அமெரிக்காவில் தங்கம் தோண்டப் போனவர்கள் கரையோரத்தில் நிலம் இல்லாமலே தண்ணீரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்று கலிஃபோர்னியா நீதிமன்றம் 1855-இல் சொன்னது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் சண்டை வந்தபோது அமெரிக்க உச்ச நீதிமன்றமே நேராக விசாரித்தது. 1907-இல் கொலராடோ தலைமடை, கான்சாஸ் கடைமடை, நடுவில் ஆர்கன்சா ஆறு. அன்று கான்சாஸ் கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் இரு மாநிலங்களுக்கும் சம உரிமை, நியாயமான பங்கீடு என்ற கோட்பாடு அங்கே நிலைத்தது. இங்கிலாந்தில் மாநிலங்களே இல்லை என்பதால் அந்த நாட்டுச் சட்டத்தில் இதற்கு விடை தேட முடியாது. 2018-இல் காவிரித் தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம் நின்றது அந்த நியாயப் பங்கீட்டின் மேல்தான். மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்ததும் அந்தக் கணக்கில்தான். கடைமடை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கேட்கும்போது கோபம் வரும். வரட்டும், அந்தக் கோபத்தோடு தீர்ப்பைப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது விரிவுரை உங்கள் சொந்தக் களம், அதாவது வழக்குச் செலவு. இங்கிலாந்தில் தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் தர வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு, ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் பேசிக்கொள்ளலாம். “ஜெயிச்சா பாதி தர்றேன்” என்று விபத்து வழக்கில் கட்சிக்காரர் சொல்லும்போது நாம் ஏன் மறுக்க வேண்டியிருக்கிறது என்பதை உங்களைப் போல நடைமுறை தெரிந்தவரால்தான் உயிரோடு சொல்ல முடியும். வெளிநாட்டில் படிக்கவில்லை என்ற குறை இந்த இடத்தில் காணாமல் போய்விடும்.

நான்காவதில் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம். அமெரிக்க நீதிமன்றம் 1803-இல் மார்பரி வழக்கில் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் நீதிமன்றம் இன்றும் நாடாளுமன்றச் சட்டத்தை ரத்து செய்ய முடியாது, மனித உரிமைக்கு ஒவ்வாதது என்று அறிவிக்கலாம், அவ்வளவுதான். ஐந்தாவதில் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த குழு தீர்ப்புச் சொல்லும் முறை. ஆறாவதை மாணவர்களின் கேள்விக்கே விட்டுவிடுங்கள்.

நீங்கள் நடத்திக்கொண்டிருக்கும் வழக்கை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். பெயரை மறைத்தாலும் மன்னார்குடி சின்ன ஊர், யார் வாய்க்கால், யார் வரப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னது நம்மோடு இருக்க வேண்டும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வழக்கின் கதையைத் தமிழில் முழுசாகச் சொல்லுங்கள், பிறகு அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரே ஒரு பத்தியை ஆங்கிலத்தில் நகல் எடுத்துக் கையில் கொடுங்கள். கதை தெரிந்த பிறகு அந்தப் பத்தியை அவர்களே வாசித்துவிடுவார்கள்.