மிதிவண்டி கேள்வி–பதில்: புதுக்கோட்டைக் குன்றுகளைச் சுற்றி

கேள்வி: ஜனவரியில் சைக்கிளில் போய் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் நான்கையும் பார்க்க இரண்டு நாள் போதுமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: கிலோமீட்டரை மட்டும் கூட்டினால் இரண்டு நாள் போதும். வெயிலையும் கோயில் நடை சாத்தும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூன்று நாள் வேண்டும். புதுக்கோட்டையில் அறை எடுத்துக்கொண்டு தினமும் போய்த் திரும்புங்கள். மூட்டை முடிச்சை அறையிலேயே விட்டுவிடலாம்.

முதல் நாள் சித்தன்னவாசல். வடமேற்கே சுமார் 16 கி.மீ. காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் போய்விடலாம். ஏழடிப்பட்டமும் அறிவர் கோயிலும் குன்றில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஏழடிப்பட்டத்துக்குப் பாறையில் ஏற வேண்டும் என்பதால் அதை முதலில் முடியுங்கள். அங்கேதான் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. ஓவியங்கள் உள்ள அறிவர் கோயில் பாறையைக் குடைந்த குடைவரை. அதற்குள் நிழல் உண்டு, வெயில் ஏறிய பிறகும் நிற்கலாம். உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். வெளிச்சத்திலிருந்து வந்த கண் பழக ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் விதானத்துத் தாமரைக் குளமும், மீனும், யானையும், பூப்பறிக்கும் ஆட்களும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். ஃபிளாஷ் போடாதீர்கள்.

அன்னவாசலில் சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு, மூன்றரை மணிக்குக் குடுமியான்மலைக்கு மிதியுங்கள். பகலில் சாத்திய நடை மாலை நாலு மணிக்குமேல்தான் திறக்கும். அங்கே பார்க்க வேண்டியது மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் உள்ள இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்தில் 38 வரி, அத்தனையும் சுரக் கோவைகள். கடைசியில் மட்டும் தமிழில் "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று ஒரு குறிப்பு. கதவு பூட்டியிருந்தால் கோயில் பணியாளரிடம் கேளுங்கள். அங்கிருந்து புதுக்கோட்டை 20 கி.மீ. ஆறு மணிக்குமேல் இருட்டிவிடும் என்பதால் பின்விளக்கு கட்டாயம்.

இரண்டாம் நாள் நார்த்தாமலை, மூன்றாம் நாள் திருமயம். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் தெற்கே 20 கி.மீ. கோட்டை 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. பாறையில் ஏணி வைத்து ஏறும் சின்னச் சிவன் குடைவரை ஒன்று உண்டு, தவறவிடாதீர்கள். ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். போகும்போது முதுகில் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போனதைவிட அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்துக்குக் காலையில் போவதா, மாலையிலா? ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா?
– திருச்சி வாசகி

பதில்: மாலை. கோயில் மேற்குப் பார்த்தது. மூன்றரை மணிக்குப் பிறகுதான் முகப்பில் நேர் வெளிச்சம் விழும். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில், கருவறை வட்ட வடிவம், எதிரே பாறையில் குடைந்த இரண்டு குடைவரைகள். அவற்றில் ஒன்றில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஐந்து மணிக்குப் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள். திரும்பும் 17 கி.மீ.யில் பெரும்பகுதி லாரி ஓடும் திருச்சி நெடுஞ்சாலை.

நீங்கள் திருச்சியிலிருந்தே கிளம்புவதால் இன்னொரு வழியும் உண்டு. முதல் நாள் காலையில் கிளம்பி, கீரனூரில் மதியச் சாப்பாடு, மாலையில் நார்த்தாமலை, அப்படியே புதுக்கோட்டை. மொத்தம் 60 கி.மீ.க்குச் சற்றுக் கூடவோ குறையவோ வரும். திரும்பி வரும் சுமை இல்லை.

ஷூ விஷயம்: அடியில் பெடலில் மாட்டும் இரும்புக் கிளீட் வைத்த சைக்கிள் ஷூவோடு அந்தச் சரிவுப் பாறையில் ஏறாதீர்கள். கருங்கல்லில் இரும்பு பிடிக்காது, வழுக்கும். ரப்பர் அடியுள்ள சாதாரண ஷூவோ செருப்போ போதும். கோயில் அருகே செருப்பைக் கழற்ற வேண்டும். நடுப்பகலில் பாறை தோசைக்கல்லாக இருக்கும் என்பதால் ஒரு ஜோடி தடித்த சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை மேலே தூக்க வேண்டாம், கீழே ஊருக்குள் ஒரு கடையில் சொல்லிவிட்டுப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: போன முறை ஒரே நாளில் நான்கு பஞ்சர். ஒட்டி முடித்து அரைமணியில் மறுபடி காற்று இறங்கியது. டியூப் மட்டமா?
– மதுரை வாசகர்

பதில்: டியூப்பைத் திட்டாதீர்கள். முள் டயருக்குள்ளேயே இருந்திருக்கும். புதுக்கோட்டைச் சீமையில் எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். அதன் முள் ரப்பருக்குள் இறங்கியதும் முனையோடு ஒடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளிகூடத் தெரியாது.

செய்ய வேண்டியது இது. டயரைக் கழற்றும் முன், வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸாலோ பேனாவாலோ ஒரு கோடு போடுங்கள். டியூப்பை எடுத்துக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்வைக் கோட்டுக்கு நேராக வைத்து டியூப்பை டயர் மேல் பொருத்திப் பார்த்தால், ஓட்டைக்கு நேரே முள் இருக்கும். டியூப்பைப் புரட்டிப் பிடித்திருந்தால் அதே தூரத்தில் மறுபக்கம். விரலால் தடவினால் குத்தும், ஒரு பருத்தித் துணியால் டயரின் உட்புறம் முழுக்கத் தடவுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள். டயரை உட்புறம் வெளியே வருமாறு மடக்கினால் முனை எட்டிப் பார்க்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள், முழுச் சுற்றும் தடவி முடியுங்கள்.

பேட்ச் போடுவதில் அவசரம்தான் இரண்டாவது எதிரி. பேட்ச்சைவிடச் சற்று அகலமாக, பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி நான்கைந்து நிமிடம் விடுங்கள். ஈரப்பசை போன பிறகுதான் பேட்ச்சை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் உரிந்து வந்துவிடும். அதனால் சாலையோரத்தில் மாற்று டியூப்பைப் போட்டுக்கொண்டு, ஒட்டும் வேலையை ராத்திரி அறையில் வைத்துக்கொள்வதே நல்லது. ஆளுக்கு இரண்டு டியூப், பிரிக்காத சொல்யூஷன் ஒன்று. ஒருமுறை திறந்த சொல்யூஷன் அடுத்த பயணத்துக்குள் காய்ந்திருக்கும்.

இன்னொன்று: இந்த முள் பெரும்பாலும் ஓட்டும்போது ஏறுவதில்லை, நிழலுக்கு ஒதுங்கும்போது ஏறுகிறது. மரத்தடிக்கு வண்டியை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். வேலி வெட்டிய முள் கிடக்கும் வண்டிப்பாதைகளிலும் அப்படியே. அருகருகே இரண்டு கீறலாக ஓட்டை விழுந்திருந்தால் அது முள் வேலை இல்லை, காற்று குறைவாக இருந்து குழியில் ரிம் கடித்தது. 38 மி.மீ. அகல டயரில் 70 கிலோ எடையுள்ளவர் பின்சக்கரத்துக்கு 50–55, முன்சக்கரத்துக்கு 45 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கியர் சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: வேண்டாம். மேடு பள்ளம் லேசானதுதான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது இந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியது கியர் இல்லாத வண்டியில்தான். நல்ல பிரேக், கோணாத சக்கரம், சரியான சீட் உயரம் மூன்றும் இருந்தால் நாளுக்கு 40–50 கி.மீ. ஓட்டலாம்.

பார்க்க வேண்டியது வால்வு. பைக் டியூப்பில் இருக்கும் தடித்த வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். பழைய சைக்கிள் வால்வுக்கு ஊர் சைக்கிள் கடையில் பம்பும் வால்வு டியூப்பும் கிடைக்கும். ரேஸ் சைக்கிளில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரசர் இருந்தும் பயனில்லை. கம்ப்ரசரில் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் டியூப் கண் இமைக்கும் நேரத்தில் நிறைந்து வெடிக்கும்.

கேள்வி: 30 கி.மீ. தாண்டினால் முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. வயது 52.
– காரைக்குடி வாசகர்

பதில்: வயதைவிட சீட்டின் மேல்தான் சந்தேகம் வருகிறது. முன்பக்க வலிக்குச் சீட் தாழ்ந்திருப்பது பொதுவான காரணம். சுவரைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கிக் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் சீட்டை 5 மி.மீ. வீதம் உயர்த்தி, ஒவ்வொரு முறையும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது குதிகால் அல்ல, முன்பாதம்தான் பெடலில் இருக்க வேண்டும். இடுப்பு இடவலமாக ஆடினால் அதிகம் உயர்த்திவிட்டீர்கள், அடுத்து முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். இதற்குப் பிறகும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று நாளில் கொடும்பாளூரையும் சேர்க்க முடியுமா?
– சென்னை வாசகர்

பதில்: திணித்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். நான்காம் நாள் கிடைத்தால், குடுமியான்மலை வழியாக மேற்கே விராலிமலைக்குப் போய்த் தங்குங்கள், கொடும்பாளூர் அதன் பக்கத்தில்தான். மூவர் கோயில் இருக்குவேளிர் குலத் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற இரண்டு தேவியர் பெயரிலும் எடுத்த மூன்று விமானங்கள். இன்று நிற்பவை இரண்டு. வடக்கே உள்ளதற்கு அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அருகில் ஓடும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஓட்டிக் குறுக்குவழி தேடாதீர்கள்.

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– அறந்தாங்கி வாசகர்

பதில்: ஒரு நாளைக்கு ஓடும். செம்மண் புழுதி ஒட்டி மறுநாளே கருப்புப் பசையாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் அதைவிட மேல். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை வறட்டுத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்குள் இருந்தால் போதும்.