கல்லுக்கு வயது கேட்பவர்களுக்கு

புதைபடிவங்களுக்கு எப்படி வயது சொல்கிறார்கள் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்தவற்றில் முக்கால்வாசி ஒரே கேள்வி. அதை முதலில் முடித்துவிடலாம்.

கேள்வி: டைனோசர் எலும்பைக் கார்பன் டேட்டிங் செய்தால் எத்தனை வருடம் வரும்?

செய்யவே மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போது உடலில் சேரும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், செத்த பிறகு சுமார் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். 50,000 ஆண்டு கழித்துப் பார்த்தால் நானூறில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அதற்கு மேல் அளக்க ஒன்றும் இல்லை. கடைசி டைனோசர்கள் போய் 6.6 கோடி ஆண்டாகிறது. (பறவைகளும் டைனோசர்தானே என்று யாரும் கிளம்ப வேண்டாம், தெரியும்.) இதையே இன்னொரு முறை கேட்காதீர்கள்.

பிளஸ் டூ மாணவி: கார்பன் இல்லையென்றால் எலும்பின் வயது எப்படித் தெரியும்?

பெரும்பாலும் எலும்பை அளப்பதில்லை. அது கிடந்த அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் எரிமலைச் சாம்பல் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால், கீழ்ச்சாம்பலைவிட எலும்பு இளையது, மேல்சாம்பலைவிட மூத்தது.

சாம்பலுக்குள் சிர்கான் என்ற படிகம் இருக்கும், மணலைவிடப் பொடியாக. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே பின்னாளில் அதில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் அந்த யுரேனியம் சிதைந்து வந்ததுதான். இதில் அழகு என்னவென்றால், ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள். யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் நம்பலாம். முரண்பட்டால், நடுவில் ஈயம் கசிந்திருக்கிறது என்று அந்தப் படிகமே காட்டிக்கொடுத்துவிடும்.

கல்லை வைத்துப் புதைபடிவத்துக்கு வயது, புதைபடிவத்தை வைத்துக் கல்லுக்கு வயது. சுத்தி வளைச்சு மூக்கைத் தொடுவதுதானே இது?

கேட்க நன்றாக இருக்கிறது, வரலாறு இடம் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட நிலம் அளந்த வில்லியம் ஸ்மித், எந்த அடுக்கில் எந்தப் புதைபடிவம் வருகிறது என்று பார்த்துப் பார்த்தே 1815-ல் நிலவியல் வரைபடம் போட்டுவிட்டார். இந்த வயதுக் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையான கதிரியக்கம் தெரிய வந்தது 1896-ல். எது முன், எது பின் என்ற வரிசை ஏற்கெனவே இருந்தது. எத்தனை ஆண்டு என்ற எண்ணைத்தான் இயற்பியல் பின்னால் வந்து கொடுத்தது. அந்த எண்கள் பழைய வரிசையைக் கலைத்துப் போட்டிருக்கலாம், ஆனால் பொருந்தின.

அரியலூர்க்காரர்: எங்கள் காட்டில் உருண்டைக் கல் கிடைத்தது. டைனோசர் முட்டையா?

படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். 2020-ல் பெரம்பலூர் குன்னம் பக்கம் கிடைத்த உருண்டைகளையும் முட்டை என்றுதான் ஊரெல்லாம் பரப்பினார்கள். அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கடல் வண்டல். உங்கள் பகுதி அப்போது கடல். அம்மோனைட் என்றால் சுருள் ஓடு கொண்ட, கணவாய்க்கு உறவான உயிர். பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால் சக்கரம் தெரிகிறதா பாருங்கள், அதுவும் அம்மோனைட்தான், கண்டகி ஆற்றில் வந்தது.

இந்த உயிர்கள் கடல் கடலாகப் பரவின, சீக்கிரம் சீக்கிரமாக இனம் மாறின. வட அமெரிக்காவின் மேற்கில் அம்மோனைட் அடுக்குகளுக்கு இடையிலேயே எரிமலைச் சாம்பல் இருக்கிறது. அங்கே அளந்த வயதைக் கொண்டு, அதே இன அம்மோனைட் கிடைக்கும் மற்ற இடத்து அடுக்குகளை ஒப்பிடுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள், நூறாவது முறையாக: கல்லைப் பெயர்த்து எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத கல் ஊமை. அதை வைத்துக்கொண்டு யாராலும் வயது சொல்ல முடியாது.

அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1986-ல் உருவான கல்லுக்கு 3.5 லட்சம் ஆண்டு வயது வந்ததே! அப்புறம் எதை நம்புவது?

வந்தது உண்மை. அது பொட்டாசியம்-ஆர்கான் முறை. கல்லில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கான் வாயு சேர்வதை வைத்து வயது சொல்வது. பொட்டாசியம்-40 பாதியாக 125 கோடி ஆண்டு ஆகும். பத்து வருடக் கல்லை அதில் அளப்பது லாரி எடை மேடையில் மூக்குத்தியை நிறுப்பது போல. அதோடு, அந்தக் குழம்பில் முன்பே உறைந்த படிகங்கள் பழைய ஆர்கானைச் சுமந்துகொண்டு வந்திருந்தன.

அதே ஆள்: அப்படியானால் எல்லாக் கல்லிலும் பழைய ஆர்கான் இருக்கலாமே?

இருக்கலாம், இது நல்ல கேள்வி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 3.5 லட்சம் ஆண்டுப் பிழை 6.6 கோடி ஆண்டுக் கல்லில் வந்தால் அரை சதவீதம். அதையும் கண்டுபிடிக்க வழி உண்டு. ஆர்கான்-ஆர்கான் முறையில் படிகத்தைப் படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் வெளியேறும் வாயுவைத் தனித்தனியாக அளப்பார்கள். உபரி ஆர்கான் இருந்தால் அதில் தெரிந்துவிடும். கி.பி. 79-ல் பாம்பேயை மூடிய வெசுவியஸ் எரிமலைக் கல்லை இப்படி அளந்து 1997-ல் வெளியிட்டார்கள். விடை 1,925 ஆண்டு, 94 கூடலாம் குறையலாம். உண்மை 1,918.

இன்னொருவர்: வருடம் முன்பே தெரியும், விடையை வளைத்திருப்பார்கள்.

வளைப்பவன் ஏன் ஏழு வருடம் தள்ளி நிறுத்துகிறான்?

மறுபடி அவரே: பிழை 94 வருடமா? இவ்வளவு பெரிதா?

சரி, இப்போது பிழை பெரிது என்கிறீர்கள், சற்று முன் விடை ரொம்பச் சரியாக இருக்கிறது என்றீர்கள். இரண்டில் எது உங்கள் புகார் என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள். இந்த எரிமலையை இதோடு அணைத்துவிடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

முதல் உயிர் எப்படித் தோன்றியது?

அது வேதியியல்காரர்களின் பேட்டை. 1953-ல் ஸ்டான்லி மில்லர் எளிய வாயுக்களில் மின்பொறி விட்டு அமினோ அமிலம் எடுத்தார். அமினோ அமிலத்திலிருந்து உயிருக்கு இன்னும் வெகு தூரம். எப்போது என்றால் என்னிடம் கேளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் 348 கோடி ஆண்டுப் பழைய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள், அதாவது நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய மேடுகள் இருக்கின்றன. கிரீன்லாந்தில் 370 கோடி என்று 2016-ல் ஒரு குழு சொன்னது. 2018-ல் இன்னொரு குழு அதே பாறையை முப்பரிமாணத்தில் ஆராய்ந்து, அது உயிர் கட்டியதல்ல, பாறை நசுங்கி வந்த வடிவம் என்றது. நான் பில்பாரா பக்கம்.

கீழடிப் பானைக்குக் கார்பன் டேட்டிங் செய்தார்களே?

பானைக்கு இல்லை, அதே மண்ணடுக்கில் கிடைத்த கரிக்கு. கி.மு. 580 என்று வந்த மாதிரியும் கரிதான். கார்பனுக்கு ஏற்ற வயது அது.

சார், மாமூத்துக்காவது கார்பன் செய்யலாமா?

செய்யலாம், 50,000 ஆண்டுக்குள் செத்ததாக இருந்தால். இன்று வந்த கார்பன் கேள்விகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.

அப்போ டைனோசருக்கு?

மேலே போய் முதல் பதிலைப் படிக்கவும்.