ரிக்கற்றில் உள்ள திகதிக்கே ஏறுங்கள், தங்கச்சி

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரவு இரண்டு தரம் வாசித்தேன். கனடாவுக்குப் போய் இரண்டு வருடம். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். கணவரோடு இனிச் சரிவராது. ஓகஸ்ட் 30 வரை அவர் கையெழுத்து வைத்துத் தந்த சம்மதக் கடிதத்தோடு, நல்லூர்த் திருவிழாவுக்கென்று கொண்டாவிலில் அம்மா வீட்டில் வந்து நிற்கிறீர்கள். திரும்பிப் போகாமல் பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, யாழ்ப்பாணத்திலேயே வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே பிஆர் என்கிற நிரந்தர வதிவிட உரிமை, சீதன வீடு, ஸ்காபுரோ வாடகை. முதற் கேள்விக்குத்தான் வடிவாகப் பதில் எழுதப்போகிறேன். மற்றவை பொறுக்கும்.

நிற்க வேண்டாம். அவர் சம்மதித்தது 30ஆம் திகதி வரைக்கும்தான். அதற்குப் பிறகும் பிள்ளைகள் கொண்டாவிலில் நின்றால், நீங்கள் தடுத்து வைத்திருப்பதாகத்தான் சட்டம் எடுக்கும். பெற்றோரில் ஒருவர் பிள்ளைகளை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருப்பது பற்றி 1980இல் ஹேக் நகரில் எழுதிய உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. பிள்ளை வழமையாக வசிக்கும் நாட்டு நீதிமன்றம்தான் பிள்ளையின் காரியத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கையும் 2001இல் அதில் சேர்ந்து, அதே வருடம் சட்டமும் இயற்றிவிட்டது. கனடாவின் குற்றவியல் சட்டத்தில், மற்றப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் நோக்கத்தோடு பிள்ளையைக் கொண்டுபோவதும் தடுத்து வைப்பதும் பத்து வருடம் வரை மறியலுக்குரிய குற்றம். பெற்ற தாய் என்றாலும் அதுதான். இங்கே கனடாவில் கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்று "ஊருக்குப் போனா ஆர் பிடிக்கிறது" என்று சொல்லுகிற ஆட்கள் கனபேர். அவர்களில் ஒருவரும் உங்களோடு கோட்டுக்கு வரமாட்டார்கள்.

அடி உதை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுதமாட்டேன். ஏறுவதற்கு முதலே ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். குடும்ப வன்முறையை நீதிமன்றம் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2021இல் கனடா விவாகரத்துச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

நான் 1997 தை மாதம் ஒரு மெல்லிய கார்டிகனோடு ரொறன்ரோவில் இறங்கியவள். 2004இல் கணவரும் நானும் பிரிகிற நிலை. சமாதான காலம், A9 பாதை திறந்திருந்தது. ஆறு வயது மகனையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு உரும்பிராய்க்கு வந்து, உங்களைப் போலவே இனிப் போவதில்லை என்று இருந்துவிட்டேன். ரிக்கற் திகதி கடந்து 22 நாள். மகன் ஒவ்வொரு நாளும் காலையில் கிணற்றடிக்குப் போய், ஈரத்துணியால் தன் சப்பாத்தில் இருந்த செம்மண்ணைத் துடைத்து விறாந்தைக் கதவடியில் வைப்பான். எயார்போட்டுக்கு அப்பா வருவார், ஊத்தையாக இருக்கக் கூடாது என்பான். சித்தப்பா புறக்டராக, அந்தக் காலத்துச் சட்டத்தரணியாக, இருந்தவர். அவர்தான் இருத்திச் சொன்னார்: "பிள்ளை, எந்தக் கோட்டுக்குப் போனாலும் முதற் கேள்வி, தேப்பன் சம்மதிச்சவரோ எண்டதுதான்." அடுத்த கிழமை ஏறிவிட்டோம்.

ஆனாலும் அந்த 22 நாள் என்னை விடவில்லை. கணவரின் சட்டத்தரணி வேறு எதையும் அவ்வளவு நேரம் கதைக்கவில்லை. பிள்ளைகளின் பாஸ்போட் என் கையை விட்டுப் போனது. தகப்பனின் கையெழுத்தோ கோட்டின் அனுமதியோ இல்லாமல் அவர்களோடு கனடாவை விட்டு வெளிக்கிட முடியாது என்று கட்டளை வந்தது. 2010இல் அம்மா மோசம் போனபோது அவர் கையெழுத்து வைக்கவில்லை. கோட்டில் கேட்டு எடுக்க நாளும் இல்லை. நான் தனியாகப் போனேன். அம்மம்மாவுக்குப் பந்தம் பிடிக்க என் பிள்ளைகள் நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பதிந்த கல்யாணம் என்பதால் அங்கேதான் வழக்கு என்றில்லை. நீங்களோ அவரோ ஒன்ராறியோவில் ஒரு வருடம் இருந்தால் அங்கேயே போடலாம். இலங்கையில் மற்றவரின் குற்றத்தை, கைவிட்டுப் போனார் என்றோ வேறு தொடர்பு என்றோ, மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். கனடாவில் ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும், ஒரே கூரைக்குள் பிரிந்திருப்பதும் கணக்கு. நான் பேஸ்மென்ற்றில் இருந்தேன், அவர் மேலே. பகலில் தொழிற்சாலை, பின்னேரம் இங்கிலீஷ் வகுப்பு. என் வழக்குக் கடதாசிகளை நானே வாசிக்கும் அளவுக்கு வந்தேன். படிவம் நிரப்பித் தருகிறோம் என்று வருகிற நம்மவர்களிடம் போகாதீர்கள். வருமானம் குறைவென்றால் லீகல் எய்ட் ஒன்ராறியோவில் கேளுங்கள்.

"பிள்ளை ஆருக்கு?" என்று சனம் கேட்கும். 2021 மார்ச் முதல் கனடா விவாகரத்துச் சட்டத்தில், பிள்ளை இவருக்கு என்று கொடுக்கிற 'கஸ்டடி' கட்டளையே இல்லை. எந்த நாள் யாரோடு, படிப்பையும் வைத்தியத்தையும் யார் தீர்மானிப்பது என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அது நல்ல மாற்றம். பிள்ளைச் செலவு, கொடுப்பவரின் வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்து அட்டவணைப்படி. கைக்காசுக்கு வேலை செய்து வருமானத்தை மறைக்கிற நம் ஆண்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நீதிபதி அவர்களுக்குத் தானே ஒரு வருமானம் கணிக்கலாம் என்பதை அறிந்து வைத்திருங்கள்.

பிஆர் போகாது. ஸ்பொன்சரில் வந்தவர் இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையை 2012இல் கொண்டுவந்து 2017இல் எடுத்துவிட்டார்கள். "திருப்பி அனுப்புவேன்" என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள். சீதன வீட்டை விற்க, யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி அவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், இப்போது அதைத் தொட வேண்டாம். வாடகை விபரம் வேறு யாராவது சொல்வார்கள்.

இன்றைக்கே அவருக்கு ஒரு செய்தி போடுங்கள்: 30ஆம் திகதி வருகிறோம், பிள்ளைகளைப் பார்க்க எயார்போட்டுக்கு வாருங்கள் என்று. கோபம் இருந்தாலும் போடுங்கள். நான் போடவில்லை, சொல்லாமலே போய் இறங்கினேன். மகன் துடைத்த சப்பாத்தோடு, சனம் வெளியே வருகிற கதவடியில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தான். பிறகு ரக்ஸி பிடித்து வீட்டுக்குப் போனோம்.