கூட ஓட ஆள் கிடைத்தாரா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். மகள் பிளஸ் 1 படிக்கிறாள். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்தால் நடக்கவே தடுமாறுகிறாள். ஆனாலும் ஓட்டத்தை விடவில்லை. இப்போது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் என்கிறாள். படிப்பு கெட்டுவிடுமோ, எங்காவது விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, ஓடட்டும், படிக்கவும் செய்யட்டும். டிரையத்லான் மட்டும் இரண்டு மூன்று வருடம் காத்திருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வேலை கண் பரிசோதனைத் தாள்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால் விளையாட்டிலும் தகுதி உண்டு என்று நம்பிப் பயணச் செலவு செய்து போய், போட்டி நடக்கும் இடத்தில் திரும்பி வருகிற பிள்ளைகள் உண்டு. இரண்டும் வேறு வேறு கணக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓட்டப் போட்டிகளில் பார்வைக் குறைபாட்டுக்கு டி11, டி12, டி13 என்று மூன்று வகுப்புகள். பார்வை மிகக் குறைந்தவர்களுக்கு டி11. கண்ணாடி போட்ட பிறகும், இரண்டு கண்ணிலும், பார்வை 6/60 (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பது இவருக்கு 6 மீட்டரில்தான் தெரியும்) அல்லது அதைவிட மோசமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வை வட்டம் 40 டிகிரிக்குள் சுருங்கியிருக்க வேண்டும். ஒரு கண் மட்டும் தெரியாதவர் இதில் வரமாட்டார். 6/36 பார்வை உள்ளவருக்குச் சான்றிதழில் 40 சதவீதம் கிடைக்கலாம், பார்வை வட்டம் சரியாக இருந்தால் ஓட்டத்தில் இடம் கிடையாது.

உங்கள் மகளுக்கு வந்திருக்கும் நோயில் எழுத்துப் பலகை ஓரளவு நன்றாகவே தெரியும், ஓரப் பார்வைதான் முதலில் போகும். அதனால் எழுத்துப் பலகைச் சோதனையோடு நிற்காமல் பெரிமெட்ரி என்னும் பார்வை வட்டச் சோதனையும், விழித்திரைக்கான இ.ஆர்.ஜி. சோதனையும் எடுத்து வையுங்கள். எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் வகைப்படுத்தலுக்கான மருத்துவப் படிவத்தில் கண் மருத்துவர் கையெழுத்திட வேண்டும். அறிக்கைகள் ஒரு வருடத்துக்குள் எடுத்தவையாக இருக்கட்டும். காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இந்த நோய் உள்ள சிலருக்குக் கேட்கும் திறனும் குறையும், கூட ஓடுபவரின் குரலை நம்பித்தான் அவள் ஓடப்போகிறாள்.

பார்வை வட்டம் 10 டிகிரிக்குள் வந்தால் டி12. அதில் கைடு, அதாவது கூடவே ஓடி வழிகாட்டுபவர், வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். டி13-ல் கைடுக்கு அனுமதியே இல்லை. டி11-ல் கைடு கட்டாயம், கண்ணையும் முழுக்க மறைத்துக்கொண்டு ஓட வேண்டும். இந்த நோய் நாளாக ஆக வளரும் என்பதால் இன்றைய வகுப்பு நாளை மாறலாம். டி13 என்று வந்தாலும் பயிற்சியில் கைடோடு ஒரே கயிற்றைப் பிடித்து ஓட இப்போதே பழக்குங்கள். கொஞ்சம் பார்வை இருக்கும்போது பழகுவது எளிது, போன பிறகு பயத்தோடு பழக வேண்டியிருக்கும்.

பெற்றோர் பலரும் முதலில் கேட்பது ஷூ, கோச், சத்துமாவு. உண்மையில் கிடைக்க அரிதானது கைடுதான். உங்கள் மகள் போட்டியில் ஓடும் வேகத்தில் அவர் மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஓட வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் காலையில் வர வேண்டும். கல்லூரி அணியில் ஓடிவிட்டு மாநில அளவில் தேர்வாகாத ஓட்டக்காரர்கள் இதற்கு மிகப் பொருத்தம். ஒருவரை மட்டும் நம்பாமல் இருவரைப் பழக்குங்கள். ஒருவருக்கு வேலை கிடைத்து வெளியூர் போனால் ஒரு சீசனே வீணாகும்.

கயிறு 30 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, ரப்பர் போல இழுபடவும் கூடாது. பழகுவதற்கு ஷூ லேஸ் போதும். மணிக்கட்டில் சுற்றிக் கட்டாமல் விரலில் பிடிக்கட்டும். பள்ளி விளையாட்டு விழாவில் மூன்றுகால் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். அதுபோல உள்பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றாக, வெளிப்பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். அப்போதுதான் கயிறு பிடித்த கைகள் ஒரே திசையில் வீசும். தாளம் தவறினால் தோள் இழுபட்டு வேகம் போய்விடும். முதல் இரண்டு வாரம் நடையிலேயே இதைச் சரிசெய்யுங்கள். ‘வளைவு’, ‘நேர்’, ‘மேடு’, ‘நிறுத்து’ என்று ஒற்றைச் சொல்லாக, மூன்று நான்கு காலடி முன்பே சொல்ல வேண்டும். கைடு இழுக்கவோ தள்ளவோ கூடாது. எல்லைக் கோட்டை அவர் முந்திக் கடந்தாலும் தகுதி நீக்கம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஸ்பெயின் நாட்டு எலெனா கான்கோஸ்ட் மாரத்தானில் மூன்றாவதாக வந்தார். கடைசி சில அடிகளில் தசைப்பிடிப்பால் தடுமாறிய கைடைத் தாங்கக் கயிற்றை ஒரு கணம் விட்டார், வெண்கலம் போய்விட்டது. அதே பாரிஸில் நம் சிம்ரன் சர்மா, கைடு அபய் சிங்கோடு 200 மீட்டர் டி12-ல் வெண்கலம் வாங்கினார். அவர் பெயரை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். சிக்கமகளூருவின் ரக்‌ஷிதா ராஜு பெயரையும் சொல்லுங்கள். டி11 1500 மீட்டரில் ஆசிய பாரா விளையாட்டில் தங்கம் வென்றவர்.

இப்போது டிரையத்லான். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். இதில் பார்வை எவ்வளவு இருந்தாலும் கைடு கட்டாயம். ஓட்டத்தில் பெண்ணுக்கு ஆண் கைடு வரலாம், டிரையத்லானில் கைடும் பெண்ணாக, அதே நாட்டுக்காரராக இருக்க வேண்டும். நீந்தவும், இரட்டைச் சைக்கிளை முன்னால் அமர்ந்து ஓட்டவும், பிறகு கூட ஓடவும் தெரிந்த பெண் ஒருவரைச் சேலத்தில் தேட வேண்டும். நான் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். இரட்டைச் சைக்கிளில் இரண்டு பேர் பலமும் ஒரே சங்கிலியில் விழும். டோக்கியோ பாராலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டேவ் எல்லிஸ் சைக்கிள் பழுதாகிப் பாதியில் நின்றார், பாரிஸில் தங்கம் வாங்கினார். போட்டி வாய்ப்பும் நமக்குக் குறைவு: 2023 டிசம்பரில் நடந்த முதல் கேலோ இந்தியா பாரா போட்டிகளில் தடகளம் இருந்தது, டிரையத்லான் இல்லை.

இதற்கிடையில் நீச்சலைத் தொடங்கலாம், நீச்சல்குளத்தில் மட்டும். ஏற்காடு ஏரியும் மேட்டூர் அணையும் வேண்டவே வேண்டாம். கண்ணை இறுக்கிப் பிடிக்கும் சிறிய நீச்சல் கண்ணாடி கண் அழுத்தத்தை ஏற்றும், அகலமானதாக வாங்குங்கள். தலைகீழாகக் குதிக்கலாமா என்று கண் டாக்டரைக் கேளுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இரட்டைச் சைக்கிளில் அங்கே இறங்கினால் பிரேக் சூடேறி டயர் வெடிக்கலாம். ஏப்ரல், மே வெயிலில் ஓட்டத்துக்கு மேலே அழைத்துப் போவது நல்லதுதான், சுமார் 1500 மீட்டர் உயரம், குளிர்ச்சி. மூடுபனி விழுந்த காலையில் மட்டும் ஓட விடாதீர்கள், குறைந்த பார்வைக்கு மேடு பள்ளம் சுத்தமாகத் தெரியாது. கீழே சேலத்தில் என்றால் விடிந்த பிறகு தொடங்கி ஏழு மணிக்குள் முடியுங்கள். விடியுமுன் வேண்டாம், அவளுக்கு இருட்டில் தெரியாது.

படிப்பைப் பற்றி. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழித்தாள் விலக்கு ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக இந்த வருடமே விண்ணப்பியுங்கள். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் 1 சதவீதம் பார்வைக் குறைபாட்டுக்கு. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்குத் தனியாக 3 சதவீதம். இரண்டுக்குமே அந்தப் பதவிக்குரிய கல்வித்தகுதி வேண்டும், பதக்கம் மட்டும் வேலை தராது. தனியார் அமைப்புகள் தரும் கோப்பைகள் இந்தக் கணக்கில் சேராது. அங்கீகாரம் பெற்ற போட்டி, உரிய படிவம், சங்கச் செயலாளர் கையெழுத்து ஆகியவற்றைப் போட்டி முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் டிரையத்லான் தங்கம் வென்ற ஸ்பெயினின் சுசானா ரோட்ரிகஸ் ஒரு மருத்துவர். படிப்பை விட்டால்தான் ஓட முடியும் என்று யாராவது சொன்னால் அவரை நினைவில் வையுங்கள்.

அடுத்து காந்தி விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு இருக்கிறது, அதற்கு எப்போது பதிவு என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அறிக்கைகளின் நகலை எடுத்துக்கொண்டு மகளையும் கூட அழைத்துப் போங்கள். என்ன தூரம் ஓடுகிறாள், எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்பதை அலுவலரிடம் அவளே சொல்லட்டும்.