ஃபெரட்டுக்கு ஊசியை நிறுத்திவிடலாமா?

கேள்வி: வீட்டில் இரண்டு ஃபெரட்டுகள் (கீரி மாதிரி சின்னப் பிராணி) வளர்க்கிறோம். போன வருடம் பெரியதற்கு ரேபிஸ், டிஸ்டெம்பர் (நாய், ஃபெரட் போன்றவற்றுக்கு வரும் வைரஸ் நோய்) இரண்டு ஊசியையும் ஒரே நாளில் போட்டார்கள். கார் கிட்டே வருவதற்குள் வாந்தி, ரத்தபேதி, மூக்கெல்லாம் சிவந்து துவண்டுவிட்டது. திரும்ப உள்ளே ஓடிப்போய்க் காப்பாற்றினோம். இரண்டுமே வெளியே போகாதவை. இனி ஊசியே வேண்டாம் என்கிறார் கணவர். சரிதானா? - வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அதைக் கண்ணால் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனாலும் இரண்டுக்கும் ஒரேயடியாக நிறுத்துவதை நான் ஒப்பமாட்டேன். ஊசி ஒவ்வாமை பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், டாக்டர் பக்கத்தில் இருந்தால் சமாளித்துவிடலாம். டிஸ்டெம்பருக்கு மருந்தே கிடையாது. ஊசி போடாத ஃபெரட்டுக்கு அது வந்தால், கண்ணும் மூக்கும் ஒழுகி, தாடையில் சொறி கிளம்பி, பாதம் தடித்து, கிட்டத்தட்ட நிச்சயமாகச் செத்துப்போகும். வெளியே போகாததுதானே என்கிறீர்கள், ஆனால் ரக்கூனும் நரியும் சுமக்கிற வைரஸ் அது, உங்கள் ஊரில் ரக்கூன் வந்து குப்பைத்தொட்டியைக் கிளறாத தெரு ஏது? செருப்பில் ஒட்டிக்கொண்டும் உள்ளே வரலாம்.

எந்த ஊசி என்பதும் முக்கியம். காட்டில் வாழும் கருங்கால் ஃபெரட்டுகள் சிலவற்றை 1970களில் பிடித்துவந்து, வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் ஊசி போட்டபோது, ஆறில் நான்கு அந்த ஊசியாலேயே டிஸ்டெம்பர் வந்து இறந்தன. 1985இல் வயோமிங்கில் அதே இனத்துக்குள் டிஸ்டெம்பர் தானாகவே புகுந்தது, கடைசியில் பிடித்துக் காப்பாற்ற முடிந்தது வெறும் 18. அதனால் உயிருள்ள டிஸ்டெம்பர் வைரஸ் இல்லாமல், கேனரிபாக்ஸ் என்ற பறவை அம்மை வைரஸை வைத்து ஃபெரட்டுக்கென்றே செய்த ஊசியைக் கேளுங்கள். அது அடிக்கடி கிடைக்காமல் போகும். அதற்காக, கைக்குக் கிடைத்த நாய் ஊசிக்குச் சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள், அதை ஃபெரட்டுக்குப் போட்டுப் பழக்கமிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஊசி போட்ட 3,587 ஃபெரட்டுகளில் 30க்குத்தான் ஒவ்வாமை வந்தது. சின்னதற்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள், இரண்டு ஊசிக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் விட்டு.

பெரியதன் கதை வேறு. வாழ்நாளில் போட்ட டிஸ்டெம்பர் ஊசிகள் கூடக்கூட ஒவ்வாமை வாய்ப்பும் கூடுகிறது என்று அதே ஆய்வு சொல்கிறது. அதற்கு முதலில் ரத்தத்தில் டிஸ்டெம்பர் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதியுங்கள். போதுமான அளவு இருந்தால் இந்த வருடம் அந்த ஊசியைத் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து. ரேபிஸைத் தனியாக, டாக்டர் சம்மதித்தால் ஒவ்வாமைத் தடுப்பு மருந்து கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள், போட்டதும் கிளம்பாமல் அரைமணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள். அதுவும் வேண்டாம் என்று டாக்டரே சொன்னால் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஊசி போடாத ஃபெரட்டை ரேபிஸ் வந்த பிராணி கடித்துவிட்டால், அங்கே கருணைக்கொலை, இல்லையென்றால் மாதக்கணக்கில் தனிமைக் காவல் என்றுதான் சொல்வார்கள்.