அரிவாளுக்கு யார் விசில் அடிக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் பள்ளியில் ஒரு பையனின் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பட வசனம் ஒன்றையும் சொல்லியிருக்கிறான். "நாமும் சண்டைப் படம் பார்த்துத்தானே வளர்ந்தோம், கெட்டா போனோம்?" என்கிறார் என் கணவர். திரையில் பார்ப்பது பிள்ளைகளை மாற்றுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

ஒரு படம் பார்த்ததால் மட்டும் யாரும் கொலைகாரன் ஆகிவிடுவதில்லை. அந்த அளவுக்கு உங்கள் கணவர் சொல்வது சரி. அமெரிக்காவில் 1990களுக்குப் பிறகு வன்முறை வீடியோ கேம்கள் பெருகின. அதே காலத்தில் அங்கே வன்முறைக் குற்றங்கள் குறைந்தன.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965இல் வெளியிட்ட ஒரு சோதனையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். காற்றடைத்த பெரிய பொம்மையை ஒருவர் அடித்து உதைக்கும் படத்தைச் சிறு பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முடிவு மட்டும் வேறு வேறு. ஒரு குழு பார்த்த படத்தில் அடித்தவருக்குத் தின்பண்டமும் பாராட்டும் கிடைத்தன; இன்னொன்றில் திட்டு; மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. திட்டு விழுந்ததைப் பார்த்த பிள்ளைகள் பிறகு பொம்மையைக் குறைவாகவே அடித்தார்கள். அப்புறம், "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்து காட்டின. எல்லோருமே கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். பரிசு வரும்வரை சிலர் வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான். பொம்மையை அடிப்பதும் மனிதனை அடிப்பதும் ஒன்றாகாது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் பரிசு பற்றிய அந்தப் பகுதியை என்னால் ஒதுக்க முடியவில்லை.

நம் படங்கள்மேல் எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். எவ்வளவு ரத்தம் என்பதைவிட, அரிவாள் தூக்கியவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஸ்லோமோஷன், பின்னணி இசை, தியேட்டர் முழுக்க விசில். வெட்டுப்பட்டவனின் வீட்டைக் கேமரா எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தணிக்கைச் சான்றிதழில், பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய படங்களை வயதுவாரியாக யுஏ 7+, 13+, 16+ என்று இப்போது பிரித்திருக்கிறார்கள், நல்லதுதான். வீட்டு டிவியில் அதைப் பார்த்து சேனல் மாற்றுபவர்கள் குறைவு.

அந்த வசனத்தைச் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்களா என்று மகனிடம் கேளுங்கள். வீட்டில் அவன் சண்டைக் காட்சியை நடித்துக் காட்டும்போது சிரித்து வீடியோ எடுக்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள். படத்தை நிறுத்த வேண்டாம், கூட உட்கார்ந்து பாருங்கள். அடிவாங்கியவனுக்கு அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். முக்கியமாக, அவன் தள்ளிவிட்ட பையனின் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.