பழைய கன்சோல், புது டப்பா: வாசகர் கேள்வி–பதில்

கே: ‘ரீஃபர்பிஷ்டு’ என்று போட்டு விற்கிற கேம் கன்சோலை நம்பி வாங்கலாமா?

ப: யார் ரீஃபர்பிஷ் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. தயாரித்த கம்பெனியே திரும்பப் பெற்று, பழுதான பாகத்தை மாற்றி, வாரன்டியோடு விற்றால் தாராளமாக வாங்கலாம். கடைக்காரர் துடைத்து, ரீசெட் செய்து, புது டப்பாவில் போட்டுக் கொடுத்தாலும் அதே பெயர்தான். சொல் ஒன்று, சரக்கு வேறு. விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன பழுது பார்த்தீர்கள், உள்ளே திறந்தீர்களா, எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்? முதல் கேள்விக்கு “ஒன்றுமே இல்லை, சும்மா செக் பண்ணினோம்” என்று பதில் வந்தால், அது ரீஃபர்பிஷ்டு அல்ல, செகண்ட் ஹேண்ட். செகண்ட் ஹேண்ட் விலைதான் கொடுக்க வேண்டும். திருப்பித் தரவே முடியாது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கே: டிஸ்க் போடும் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) ஒன்று வாங்கியிருக்கிறேன். ரிட்டர்ன் செய்ய ஏழு நாள் அவகாசம். அதற்குள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ப: டிவி வயர் மாட்டும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். வயர் மாட்டியிருக்கும்போதே கன்சோலை இழுத்ததால் பாழாகும் இடம் அதுதான். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் நிற்கும் தகட்டின் மேலும் கீழுமாக மொத்தம் 19 பின்கள். அவை ஒரே சீராக இருக்க வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் பளிச்சென்று தெரியும். சுற்றியுள்ள உலோகக் கூட்டில் கீறலோ நெளிவோ இருந்தால் போர்ட்டை ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். மாற்றியது குற்றமில்லை, சால்டர் (பற்றவைப்பு) சரியாக ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க 4கே டிவி வேண்டும். அரைகுறையாக ஒட்டிய போர்ட் 1080பி படத்தை எந்தத் தொல்லையும் இல்லாமல் அனுப்பிவிடும். 4கே, ஹெச்டிஆர் என்று டேட்டா அதிகமாகப் போகும்போதுதான் படம் விட்டுவிட்டு வரும், புள்ளி புள்ளியாக மின்னும், திரை கறுத்துத் திரும்பும். கடையில் சின்ன மானிட்டரில் ஓட்டிக் காட்டியதை நம்பிவிடாதீர்கள். கன்சோலில் லைட் வெள்ளையாக எரிந்து, நல்ல வயர் போட்டும் டிவி கறுப்பாகவே இருந்தால் போர்ட்டோ, அதற்குப் பின்னாலுள்ள ஹெச்டிஎம்ஐ சிப்போ போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது சூடு. பிஎஸ்5-இல் பிராசஸருக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே இருப்பது வழக்கமான பேஸ்ட் அல்ல, திரவ உலோகம். நன்றாக வெப்பம் கடத்தும், மின்சாரமும் கடத்தும். தெரியாதவர் கழற்றி மாட்டினால் இரண்டு விதமாகக் கெடும்: சிப்பின் மேல் ஒரு பக்கம் வறண்டு போகும், அல்லது வெளியே வழிந்து ஷார்ட் ஆகும். முதல் ரகம் மெனுவில் தெரியவே தெரியாது. கிராஃபிக்ஸ் அதிகமுள்ள கேம் ஒன்றைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கன்சோலை நிறுத்தி வைத்து ஒரு முறை, படுக்க வைத்து ஒரு முறை. ஃபேன் திடீரென்று அலறுவதோ, சூடு எச்சரிக்கை வருவதோ, தானாக அணைவதோ நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். “க்ளீன் பண்ணினால் சரியாகிவிடும்” என்ற சமாதானம் வேண்டாம். (வெள்ளை மூடிகளைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. உள்ளே தூசி சேரும் துளைகள் இருக்கும், வேக்யூமால் உறிஞ்சிவிடலாம். அங்கே தூசி அடைந்து கிடந்தால், ரீஃபர்பிஷ் செய்தவர் எவ்வளவு மெனக்கெட்டார் என்பது தெரிந்துவிடும்.)

டிஸ்க் டிரைவை மறந்துவிடாதீர்கள். முதலில் வந்த பெரிய மாடல்களில் டிரைவின் சர்க்யூட் போர்டும் மதர்போர்டும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்க்கப்பட்டவை. வேறு கன்சோலின் டிரைவை அப்படியே மாட்டினால், டிஸ்க் உள்ளே போகும், ஆனால் ஓடாது. டிரைவை மாற்றும்போது பழைய போர்டை எடுத்துப் புது டிரைவில் பொருத்த வேண்டும். 2023-இல் வந்த மெலிந்த மாடலில் டிரைவைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். அதற்கும் முதல் முறை இன்டர்நெட்டில் இணைத்துப் பதிவு செய்தாக வேண்டும். எதுவாக இருந்தாலும் ஒரு கேம் டிஸ்க், ஒரு ப்ளூ-ரே பட டிஸ்க் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. பெரிய கேம் ஒன்றை டவுன்லோட் செய்யும்போது கேம் திரும்பத் திரும்பப் பழுதானால் யோசிக்கவே வேண்டாம், கன்சோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கே: நின்டெண்டோ ஸ்விட்ச் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கேம் கார்டு போட்டால் நன்றாக ஓடுகிறது. வாங்கலாமா?

ப: பாதி விலை என்றால் ஒரு சந்தேகம் வர வேண்டும்: அது ஆன்லைனில் தடை செய்யப்பட்ட கன்சோலா? ஹேக் செய்யப்பட்ட கன்சோல்களை நின்டெண்டோ தடை செய்யும். தடை அக்கவுன்ட்டோடு போவதில்லை, கன்சோலோடு ஒட்டிக்கொள்ளும். ரீசெட் செய்தாலும் போகாது. கார்டு ஓடும், சிஸ்டம் அப்டேட்கூட வரும். அதனால் ‘அப்டேட் ஆகிறதே’ என்பது சாட்சி ஆகாது. உங்கள் அக்கவுன்ட்டைப் போட்டு நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

இன்னொரு வேலை. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போனால் சீரியல் நம்பர் இருக்கும். கன்சோலின் அடியிலுள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் கூடு ஒரு கன்சோலுடையது, போர்டு இன்னொன்றுடையது. கன்சோலின் பின்பக்கம் இருக்கும் மாடல் எண்ணையும் பாருங்கள். ஹெச்.ஏ.சி-001 என்று மட்டும் இருந்தால் 2017-இன் முதல் மாடல், பேட்டரி இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் நிற்கும். கடைசியில் அடைப்புக்குள் -01 இருந்தால் நாலரை முதல் ஒன்பது மணி நேரம். இவை புதிதாக இருந்தபோது சொன்ன கணக்கு. பழகிய பேட்டரியில் குறையத்தான் செய்யும். இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் முதல் மாடலுக்குப் பேரம் பேசுங்கள்.

பிறகு டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்து டிவியில் படம் வருகிறதா, சார்ஜ் ஏறுகிறதா, இரண்டு ஜாய்-கானும் (கழற்றி மாட்டும் கன்ட்ரோலர்கள்) பக்கவாட்டில் மாட்டியபோது தனித்தனியாகச் சார்ஜ் ஆகின்றனவா என்று பாருங்கள்.

கே: கன்ட்ரோலரைத் தொடாமலே ஆள் தானாக நகர்கிறது. கன்சோலையே திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

ப: வேண்டியதில்லை, விலையைக் குறைக்கச் சொல்லலாம். கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கின் அடியில் ஒரு சிறு தொடுமுனை கார்பன் பூச்சின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். பூச்சு தேய்ந்ததும் நடுநிலை எது என்பதில் குழப்பம் வந்துவிடும். ஸ்விட்ச்சில் இதைப் பார்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது: கன்ட்ரோலர் செட்டிங்ஸில் ஸ்டிக் காலிபரேஷனை (நடுநிலையைச் சரிசெய்யும் வசதி) திறந்து, ஸ்டிக்கைச் சுற்றி விட்டுவிட்டுக் கையை எடுங்கள். புள்ளி நடுவுக்குத் திரும்பி அசையாமல் நிற்க வேண்டும். காலிபரேட் செய்து சரியாகிவிட்டது என்றால் தேய்மானம் சற்று மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜாய்-கான் ஸ்டிக்கை வீட்டிலேயே மாற்றலாம். பின்பக்கம் மூன்று முனை ஸ்க்ரூக்கள் நான்கு. திறந்ததும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டிக் ஒரு மெல்லிய ரிப்பன் வயரில்தான் இணைந்திருக்கும், சால்டர் தேவையில்லை. பிஎஸ்5-இன் சாதாரண கன்ட்ரோலரில் அப்படியல்ல: ஸ்டிக் போர்டில் சால்டர் ஆகியிருக்கும், கை பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. மாற்றுவதானால் காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போடுங்கள். அதில் உரசித் தேயும் பூச்சு இல்லை.

கே: பிஎஸ்4 இப்போதும் வாங்கத் தகுமா? விற்பவர் ‘கொஞ்சம் ஸ்லோ’ என்கிறார்.

ப: பழைய கேம்கள் போதும் என்றால் தகும். ஸ்லோவுக்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த ஹார்டு டிஸ்க். அது சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான், நாமே மாற்றிக்கொள்ளலாம், 9.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது. எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மாற்றிய பிறகு பென் டிரைவிலிருந்து சிஸ்டத்தை நிறுவ வேண்டும். அப்போது அப்டேட் கோப்பை இறக்கிவிட்டு, ஏன் ஏறவில்லை என்று விழிப்பவர்கள் நிறையப் பேர். காலி டிஸ்க்குக்குத் தேவைப்படுவது முழு நிறுவல் கோப்பு. கன்சோலை அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு வரும். ஏழாவது வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கே: பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 போன்றவற்றை ‘சிப் சூடுபடுத்திச் சரிசெய்தது’ என்று விற்கிறார்களே?

ப: வேண்டாம். வெப்பம் காட்டினால் சில வாரமோ மாதமோ ஓடும், பிறகு அதே கோளாறு திரும்பும்.

கே: புதியதைவிட எவ்வளவு குறைவாக இருந்தால் வாங்கலாம்?

ப: கம்பெனி ரீஃபர்பிஷ் செய்து ஒரு வருட வாரன்டி கொடுத்தால் 15 சதவீதம் குறைந்தாலே போதும். கடை கொடுப்பது மூன்று மாத வாரன்டி என்றால் 30-க்குக் கீழே இறங்காதீர்கள். அதில் ஒரு புது கன்ட்ரோலரின் விலையையும் கழித்துப் பாருங்கள். கழித்த பிறகு மிச்சம் சொற்பம் என்றால் புதியதையே வாங்கிவிடலாம்.